அங்க அடையாளம்

எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் உயிரினங்களின் ஒருங்கமைவு என்று ஒரு பாடம் உண்டு. செல்லில் தொடங்கி முழு உடம்பு வரைக்கும் போகும். சோபியா டீச்சர் அந்த வருடம் அதை இரண்டு முறை தள்ளிப் போட்டாள். முதல் முறை மழை விடுமுறை வந்துவிட்டது. இரண்டாம் முறைக்குக் காரணம், நடு வரிசையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள்.

பள்ளிக்கூடம் லைட்ஹவுஸ் குப்பத்தைத் தாண்டி, கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் இருந்த ஒரு சின்னக் குப்பத்தில் இருந்தது. சோபியா பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் பழவேற்காடு வந்து, ஷேர் ஆட்டோவில் பாலத்தைக் கடந்து வருவாள். ஆறு வருடமாக அதே பள்ளி. எட்டாம் வகுப்பில் பதினெட்டுப் பிள்ளைகள். அவர்களில் ஐஸ்வர்யாவின் அப்பா நீலமேகமும் காவியாவின் அப்பா ராஜவேலுவும் ஒரே பைபர் போட்டில் தொழிலுக்குப் போகிறவர்கள். ஐப்பசி கடைசியில் ஒருநாள் விடியற்காலையில் போனார்கள். பத்து மணிக்கு மேல் காற்று மாறியது. மற்ற போட்டுகள் எல்லாம் கரை திரும்பின. அவர்கள் திரும்பவில்லை.

நாலு நாள் தேடினார்கள். ஆறாம் நாள், வடக்கே ஆந்திரா பக்கம் போட்டு மட்டும் கவிழ்ந்து கிடப்பதாகத் தகவல் வந்தது. வலை அப்படியே போட்டுக்குள் சிக்கிக் கிடந்தது. ஆட்கள் இல்லை. கடலில் போனவர்கள் மூன்று நாளில் கரை ஒதுங்கிவிடுவார்கள் என்று சொல்வார்கள். முப்பது நாள் ஆகியும் யாரும் ஒதுங்கவில்லை.

அதற்குப் பிறகு குப்பத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. முற்பகலில் போட்டுகள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்து, கடைசிப் போட்டையும் மேலே இழுத்துப் போட்ட பிறகு, இன்னொரு இன்ஜின் சத்தம் கேட்கிறது என்றார்கள். வலை பின்னிக்கொண்டிருப்பவர்கள் கையை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். கடல் வெறுமையாக இருக்கும். சோபியா இதை நம்பவில்லை. ஆனால் மார்கழியில் ஒருநாள் அவள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் வகுப்பு திடீரென்று அமைதியானது. திரும்பிப் பார்த்தாள். பதினெட்டுப் பிள்ளைகளும் கடல் பக்கத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கும் கேட்டது. கரையை நெருங்கி வரும் இன்ஜினின் தடதடப்பு. அது நிற்கும் வரை யாரும் அசையவில்லை. பிறகு பிள்ளைகள் ஒன்றும் நடக்காதது போல நோட்டைக் குனிந்து பார்த்து எழுதத் தொடங்கினார்கள்.

அந்தப் பாடத்தை அவள் தள்ளிப் போட்டதில் ஆச்சரியம் இல்லை. ஒரு மனித உடம்பைப் பலகையில் வரைந்து, அதை உறுப்பாக, திசுவாக, செல்லாகப் பிரித்துப் பிரித்துச் சொல்ல வேண்டும். அந்த இரண்டு பெண்களுக்கு முன்னால் எப்படிச் செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. தை மாதம் மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்று தெரிந்ததும் வேறு வழியில்லாமல் போனது. உடம்பிலிருந்து கீழே இறங்காமல், செல்லிலிருந்து மேலே ஏறிப் போகலாம் என்று முடிவு செய்தாள்.

பள்ளியில் ஒரே ஒரு மைக்ராஸ்கோப் இருந்தது. வெளிச்சத்துக்காக அதை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். பல் குத்தும் குச்சியால் கன்னத்தின் உள்பக்கத்தை லேசாகச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவி, ஒரு சொட்டு நீலச் சாயம் விட்டுப் பார்க்கச் சொன்னாள். பிள்ளைகள் வரிசையாக வந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்கள். காவியா பார்க்க மாட்டேன் என்று பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஐஸ்வர்யா பார்க்கத் தொடங்கியவள் எழுந்திருக்கவே இல்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"நடுவுல நீலமா ஒரு புள்ளி கீதே டீச்சர், அது இன்னா?"

அதுதான் உட்கரு என்று சோபியா சொன்னாள். நாம் எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது, அதில் பாதி அம்மா கொடுத்தது, பாதி அப்பா கொடுத்தது என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது.

ஐஸ்வர்யா கண்ணை எடுக்காமலே கேட்டாள். "அப்ப பாதி எங்க நைனாவா?"

"ஆமா."

"இத கழுவிடாதீங்க டீச்சர்."

காய்ந்து போய்விடும், நாளைக்குப் பார்த்தால் ஒன்றும் தெரியாது என்று சோபியா எடுத்துச் சொன்னாள். அந்தப் பெண் கேட்கவில்லை. சோபியா அந்தக் கண்ணாடித் துண்டைத் தாளில் சுற்றி அவளிடமே கொடுத்து அனுப்பினாள்.

மறுநாள் திசு. பலவகைத் திசுக்களைச் சொல்லிக்கொண்டு வந்து எலும்புக்கு வந்தாள். எலும்பு கல் மாதிரி செத்த பொருள் இல்லை, அதற்கும் உயிர் உண்டு, உடைந்தால் தானே கூடிக்கொள்ளும் என்றாள். பன்னிரண்டு வயதில் மாமரத்திலிருந்து விழுந்து அவளுக்கே இடது கை உடைந்திருந்தது. புடவைத் தலைப்பை ஒதுக்கி, முழங்கைக்குக் கீழே எலும்பு கூடிய இடத்தில் இருந்த மேட்டைக் காட்டினாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தொட்டுப் பார்த்தார்கள். ஐஸ்வர்யா மட்டும் விரலை அந்த மேட்டின் மேல் வைத்து முன்னும் பின்னும் தடவிக்கொண்டே இருந்தாள்.

"எங்க நைனாவுக்குக் கால்ல இப்பிடி கீது" என்றாள்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் போட்டைக் கரையேற்றும்போது சரிந்து காலில் விழுந்ததாம். ஆந்திராவுக்குப் போய்ப் புத்தூர் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தாராம். அவள் கண்ணில் அன்று ஒரு வெளிச்சம் இருந்தது. அதைப் பார்த்த சந்தோஷத்தில் சோபியா ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னாள். டி.சி.யில் மச்சம், தழும்பு எல்லாம் அங்க அடையாளம் என்று எழுதுகிறார்கள் இல்லையா, அது போல இது எலும்பின் அங்க அடையாளம், இதை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்றாள்.

வாரக் கடைசியில் பாடம் முழு உடம்புக்கு வந்து சேர்ந்தது. பலகையில் செல், திசு, உறுப்பு, உறுப்பு மண்டலம், உயிரினம் என்று கீழிருந்து மேலே எழுதி அம்புக்குறி போட்டாள். ஐஸ்வர்யா எழுந்து நின்றாள். உயிரினம் செத்துப்போனால் எந்தப் பக்கம் போகும், மேலேயா கீழேயா என்று கேட்டாள். சோபியா யோசித்துவிட்டு, கீழேதான், மறுபடி பிரிந்து பிரிந்து மண்ணோடும் தண்ணீரோடும் கலந்துவிடும், பிறகு மற்ற உயிர்கள் அதை எடுத்துக்கொள்ளும் என்றாள். அன்றிலிருந்து ஐஸ்வர்யா வீட்டில் மீன் தொடுவதில்லை என்று பிறகு தெரிந்தது. குப்பத்தில் மீன் இல்லாமல் சோறு ஏது? அவள் வெறும் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டாள்.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை. லைட்ஹவுஸ் குப்பத்துக்காரர் ஒருவரின் வலையில் எலும்பு ஒன்று சிக்கி வந்தது. முழங்காலுக்குக் கீழே இருக்கும் எலும்பு, ஒன்றே ஒன்று. மனுஷ எலும்புதான் என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. எந்த இரண்டு பேரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும் என்பதால், அவர் அதை இந்தக் குப்பத்துக் கரைக்கே கொண்டுவந்து ஒரு கோணிப்பையை விரித்து அதன் மேல் வைத்தார். போலீஸ் வருவதற்குள் ஊரே கூடிவிட்டது. பக்கத்தில் போக யாருக்கும் தைரியம் வரவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஐஸ்வர்யா மட்டும் போனாள். மணலில் மண்டி போட்டு உட்கார்ந்தாள். ஒரு விரலை எலும்பின் மேல் வைத்து, மேலிருந்து கீழே மெதுவாகத் தடவிக்கொண்டு வந்தாள். பாதி வந்ததும் விரல் நின்றது. அந்த இடத்திலேயே முன்னும் பின்னும் போய்வந்தது.

"எங்க நைனாதான்" என்றாள் அவள்.

திங்கட்கிழமை காவியாதான் இதைச் சோபியாவிடம் சொன்னாள். சோபியாவுக்கு இடது கையின் மேடு சில்லிட்டது போல இருந்தது.

போலீஸ்காரர்கள் எலும்பை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். இரண்டு குடும்பத்திலும் ரத்தம் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். பொன்னேரி பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டதால் சோபியாவும் கூடப் போனாள். ஐஸ்வர்யாவின் அம்மா கோவிந்தம்மா, காவியாவின் அம்மா திரௌபதி, இரண்டு பெண்கள், ஐந்து பேரும் ஒரே ஆட்டோவில் போனார்கள். திரௌபதியின் நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. புருஷன் எங்கேயோ உயிரோடு இருக்கிறான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. தினமும் அவனுக்கும் சேர்த்துத்தான் உலை வைத்தாள். கோவிந்தம்மா வேறு மாதிரி. எதுவாக இருந்தாலும் தெரிந்துகொண்டுவிட வேண்டும் அவளுக்கு. புருஷன் தண்ணீருக்குள்ளேயே கிடந்து அலைகிறான் என்ற நினைப்பு அவளைத் தூங்கவிடவில்லை.

ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது கோவிந்தம்மா சோபியாவின் பக்கம் நகர்ந்து வந்தாள்.

"டீச்சர், நீங்க படிச்சவங்க. அந்த எலும்புல கட்டி கீதுன்னு பொண்ணு சொல்லுது. அவருக்கும் அதே எடத்துலதான் கட்டி. அப்ப அவருதானே?"

சோதனை முடிவு வரட்டும் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வாக்கியம் போதும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அவளால் காக்க வைக்க முடியவில்லை.

"அப்பிடித்தான் தெரியுது அக்கா" என்றாள்.

கோவிந்தம்மா நீளமாக ஒரு மூச்சு விட்டாள். நாலு மாதமாக உள்ளே பிடித்து வைத்திருந்த மூச்சு போல இருந்தது அது.

அந்த வாரமே அவள் காரியத்துக்கு ஏற்பாடு செய்தாள். முடிவு வரட்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். டீச்சரே சொல்லிவிட்டார்கள் என்று அவள் பதில் சொன்னாள். எலும்பு போலீஸிடம் இருந்ததால் நீலமேகத்தின் சட்டையையும் லுங்கியையும் மூங்கில் பாடையில் வைத்துச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். பதினாறாம் நாள் கடலோரத்தில் உட்கார வைத்துக் கோவிந்தம்மாவின் தாலியை எடுத்தார்கள். வளையலை உடைத்தார்கள். திரௌபதி அந்தப் பக்கமே வரவில்லை. ஒரே போட்டில் போன இரண்டு பேரில் ஒருத்தருக்குக் காரியம் செய்தால் இன்னொருத்தரைக் கொன்றதாகத்தானே அர்த்தம் என்று அவள் தண்ணீர்க் குழாயடியில் வைத்துக் கேட்டாள். அதற்குக் கோவிந்தம்மா ஏதோ சொல்ல, பேச்சு தடித்துப்போனது. மறுநாளிலிருந்து காவியா முன் பெஞ்சுக்கு மாறிக்கொண்டாள்.

சோதனை முடிவு சித்திரை பிறந்த பிறகு வந்தது. ஒரு போலீஸ்காரர் தாளோடு குப்பத்துக்கு வந்து, இரண்டு வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு வைத்துப் படித்துச் சொன்னார். எலும்பு ஓர் ஆணுடையது. வயது ஐம்பதுக்கு மேல். பல வருடம் தண்ணீரில் கிடந்திருக்கிறது. ஐஸ்வர்யாவின் ரத்தத்தோடும் பொருந்தவில்லை, காவியாவின் ரத்தத்தோடும் பொருந்தவில்லை.

திரௌபதி அங்கேயே மண்ணில் விழுந்து கும்பிட்டாள். கோவிந்தம்மா எழுந்து வீட்டுக்குப் போனாள்.

அன்று பள்ளியில் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. விஷயம் ஜன்னல் வழியாக வந்து சேர்ந்தபோது சோபியா மேற்பார்வையில் இருந்தாள். கடல் தொழிலுக்குப் போகிறவர்களில் பாதிப் பேருக்குக் கையோ காலோ ஒருமுறை உடைந்து கூடியிருக்கும். அது அவளுக்குத் தெரியாத விஷயம் இல்லை. அன்று ஆஸ்பத்திரி மரத்தடியில் அது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு வாரம் அவள் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. ஐஸ்வர்யாவின் கண்ணைப் பார்க்கவும் முடியவில்லை. கடைசிப் பரீட்சை அன்று ஐஸ்வர்யாதான் அவளிடம் வந்தாள். அம்மா சரியாக இல்லை, ஒருமுறை வந்து பாருங்கள் என்றாள். என்ன செய்கிறாள் என்று கேட்டதற்கு, மத்தியானம் ஆனால் கதவை மூட விடுவதில்லை, வாசலைப் பார்த்துப் பேசுகிறாள் என்றாள்.

சோபியா அப்போதே அவளோடு கிளம்பினாள். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. கோவிந்தம்மா வீட்டுக்குள் சுவரோரம் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. சோபியாவைப் பார்த்ததும், வாங்க டீச்சர், அந்தப் பக்கமா குந்துங்க, வழியை மறைக்காதீங்க என்றாள்.

சோபியா ஒதுங்கி உட்கார்ந்தாள். வரும் வழியெல்லாம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை ஒரே மூச்சில் சொன்னாள். கட்டியை வைத்து ஆளைச் சொல்ல முடியாது, எனக்குத் தெரிந்திருந்தும் அன்றைக்குச் சொல்லவில்லை, உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன், தப்பு என்னுடையது என்றாள்.

கோவிந்தம்மா அதைக் கேட்டாளா என்றே தெரியவில்லை. கண் வாசலிலேயே இருந்தது.

"வர்றாரு டீச்சர். இந்நேரத்துக்குத்தான் வருவாரு. சட்டை, தலை எல்லாம் ஈரம். படிக்கு வெளிய நின்னுக்கினு என்னப் பாக்குறாரு. நெத்தியப் பாக்குறாரு, கழுத்தப் பாக்குறாரு. பாத்துட்டு, இது யாரு ஊடுன்னு கேக்குறாரு."

ஐஸ்வர்யா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான்தான்யா, உள்ள வான்றேன். அவரு நம்பல. எங்க ஊட்ல பொம்பள பொட்டு வெச்சிருக்கும்னு சொல்லிட்டுத் திரும்பிப் போறாரு. நாளைக்கு மறுபடியும் வந்து அதே கேள்விதான்."

சோபியா வாசலைப் பார்த்தாள். வெளியே மணல் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. படியில் ஈரம் எதுவும் இல்லை. ஆனால் அந்த அறையில் மூன்று பேர் அல்ல, நான்கு பேர் இருப்பது போன்ற நெருக்கம் அவளுக்குத் தெரிந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. ஓடவில்லை. கோவிந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். நிழல் சாயும் வரைக்கும் இருந்தாள்.

விடுமுறை விட்ட பிறகும் வாரத்துக்கு இரண்டு நாள் பொன்னேரியிலிருந்து வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டுப் போனாள். பொட்டு வைத்துக்கொள்ளலாம், தாலியை மறுபடி கட்டிக்கொள்ளலாம் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். எடுத்ததை எப்படித் திருப்பிக் கட்டுவது, யார் கட்டுவது என்று வேறு சிலர் கேட்டார்கள். மூன்றாவது வாரம் ஒருநாள் கோவிந்தம்மா தானாகவே பேச்செடுத்தாள்.

"அந்த எலும்பு இப்ப எங்க கீது டீச்சர்?"

போலீஸிடம்தான் இருக்கும், கேட்பார் இல்லாவிட்டால் அவர்களே எங்காவது புதைத்துவிடுவார்கள் என்று சோபியா சொன்னாள்.

"நான் யாருக்குத் தாலிய எடுத்தேன்? அந்த ஆளுக்குத்தானே எடுத்தேன். எம் புருசன் பேரச் சொல்லி அழுதேன், ஆனா அந்த எலும்ப நெனச்சிக்கினுதானே அழுதேன். அத்த எங்கியோ தூக்கிப் போட உடமாட்டேன். வாங்கி வந்து குடுங்க, நான் பொதைக்கிறேன்."

அதன் பிறகு சோபியாவுக்கு ஒரு வேலை கிடைத்தது. ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள். சொந்தக்காரர் இல்லாதவரிடம் கொடுக்க வழியில்லை என்று முதலில் அனுப்பிவிட்டார்கள். மறுபடியும் போனாள். மனு எழுதினாள். கடைசியில், எப்படியும் எங்கேயாவது புதைக்கத்தானே வேண்டும், குப்பத்துச் சுடுகாட்டிலேயே எங்கள் ஆள் முன்னிலையில் புதையுங்கள், இடத்தை மட்டும் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள் என்று இன்ஸ்பெக்டர் ஒத்துக்கொண்டார்.

வைகாசியில் ஒரு காலை அந்த எலும்பு வெள்ளைத் துணியில் சுற்றி வந்தது. கோவிந்தம்மா அதை இரண்டு கையிலும் ஏந்தி வாங்கினாள். பெயர் தெரியாததால் யாரைச் சொல்லி அழுவது என்று பெண்களுக்குத் தெரியவில்லை. அப்பா என்றார்கள், அண்ணா என்றார்கள், மாமா என்றார்கள். குழிக்குப் பக்கத்தில் நிற்கும்போது திரௌபதி காவியாவோடு வந்தாள். கையில் ஒரு குடம் தண்ணீர் இருந்தது. அவள் கோவிந்தம்மாவைப் பார்க்கவில்லை. குழியின் மறுபக்கம் போய் நின்று, மண் தள்ளிய பிறகு மேட்டின் மேல் தண்ணீரைத் தெளித்தாள். திரும்பும்போது, "வாக்கா, வெயிலு ஏறுது" என்று மட்டும் சொன்னாள். இருவரும் முன்னும் பின்னுமாக நடந்து போனார்கள்.

ஜூனில் பள்ளி திறந்தது. ஐஸ்வர்யாவும் காவியாவும் ஒன்பதாம் வகுப்புக்குப் பழவேற்காடு போனார்கள். இன்னொரு எட்டாம் வகுப்பு வந்து அதே பெஞ்சுகளில் உட்கார்ந்தது. ஒருநாள் பள்ளி விட்டதும் சோபியா கரைக்குப் போனாள். கோவிந்தம்மா காய்ந்த கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். முகம் தெளிந்திருந்தது. நெற்றியில் சின்னதாக ஒரு சாந்துப் பொட்டு இருந்தது. கழுத்தில் ஒன்றும் இல்லை.

அவர் வருகிறாரா என்று சோபியா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அவரு இப்ப வர்றதில்ல. வேற ஒருத்தர் வர்றாரு."

சோபியா ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"பயப்படாதீங்க. வயசானவரு. ஒண்ணும் கேக்கறதில்ல. படியில குந்திக்கினு கடலப் பாத்துக்கினு இருப்பாரு. யாரோ கூப்புடுவாங்கன்னு காத்துக்கினு கீறாரு. எனக்கு அவரு பேரு தெரியலியே, எப்பிடிக் கூப்புடுவேன்? நீங்க நாலு எடத்துக்குப் போறவங்க. கேட்டுப் பாருங்க."

அதைச் சிரித்துத் தள்ளவோ மறந்துவிடவோ சோபியாவால் முடியவில்லை. ஜூலையில் வட்டார ஆசிரியர் கூட்டத்துக்குப் போனபோது, கடலோரக் குப்பங்களில் வேலை செய்கிற ஆசிரியர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டாள். பத்து, பதினைந்து வருடத்துக்குள் கடலுக்குப் போய்த் திரும்பாதவர், ஐம்பது வயதைத் தாண்டியவர், கால் உடைந்து கூடியவர், அப்படி யாராவது உண்டா? அவர்கள் தங்கள் ஊரில் விசாரித்துச் சொன்னார்கள். ஏரியின் அந்தப் பக்கத்துக் குப்பங்களிலிருந்தும் போன் வந்தது. ஒன்றிரண்டு பெயர் கிடைக்கும் என்று நினைத்திருந்தாள். ஆடி முடிவதற்குள் பதினொரு பெயர்கள் சேர்ந்தன.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை மத்தியானம் கோவிந்தம்மாவின் வீட்டுக்குப் போனாள். ஐஸ்வர்யா வீட்டில் இருந்தாள். சத்தமாகப் படியுங்கள், வாசல் பக்கம் பார்த்துப் படியுங்கள் என்றாள் கோவிந்தம்மா. சோபியா படித்தாள். ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவில் நிறுத்தினாள். ஏழாவது பெயரைப் படித்ததும் கோவிந்தம்மா கையைத் தூக்கினாள்.

"இன்னொரு தபா சொல்லுங்க."

சோபியா மறுபடி சொன்னாள். கோவிந்தம்மா படியையே பார்த்திருந்துவிட்டு, "திரும்பிப் பாக்குறாரு" என்றாள்.

அந்தப் பெயர்க்காரரின் மகள் ஜெனிஃபர். கல்யாணமாகித் திருப்பாலைவனத்தில் இருந்தாள். அப்பா போனபோது அவள் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாளாம். சோபியா அவளைப் போய்ப் பார்த்தாள். கோவிந்தம்மா வாசலில் கண்டதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எலும்பைப் பற்றி மட்டும் சொன்னாள். இது அவராக இருக்கலாம், இல்லாமலும் போகலாம், ரத்தப் பரிசோதனை முடிவு வரும் வரைக்கும் அழவும் வேண்டாம், எதையும் செய்யவும் வேண்டாம் என்று மூன்று முறை சொன்னாள். போலீஸிடம் இருந்த எலும்பின் பழைய சோதனை முடிவோடு ஒப்பிட ஜெனிஃபர் ரத்தம் கொடுத்தாள். முடிவு இன்னும் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு தன் வீட்டுப் படிக்கு யாரும் வருவதில்லை என்று கோவிந்தம்மா சொல்கிறாள். திருப்பாலைவனத்தில் ஜெனிஃபருக்கு இரண்டு வயதில் ஒரு குழந்தை. போன வாரம் அவள் போன் செய்தபோது பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாள். மத்தியானத்தில் குழந்தை தூங்க மாட்டேன் என்கிறதாம், வாசற்படியைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து விளையாடுகிறதாம். சோபியா சரி என்று சொல்லிக் கேட்டுக்கொண்டாள். சோதனை முடிவு வரட்டும் என்று மட்டும் சொன்னாள்.